மூட்டுத் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. உயரத்துக்கு எடை சற்று அதிகம்; ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு ஆண்டுகளாக இரண்டு முழங்கால்களிலும் வலி இருக்கிறது. அண்மையில் எடுத்த எக்ஸ்-ரேயில் தேய்மானம் 3ஆம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் வீட்டு வேலைகளைச் செய்கிறேன். அறுவை சிகிச்சை என்றாலே பயம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து மூட்டில் செலுத்தினால் தேய்ந்த சவ்வு மீண்டும் வளர்ந்துவிடும் என்று ஒரு சிகிச்சை மையத்தில் சொல்கிறார்கள். மூன்று முறை போட வேண்டுமாம். இந்த மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால் சலுகை உண்டாம். என் தங்கைக்கு முடக்குவாதம். அவளுக்கும் இதே ஊசி போதும், மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். நாங்கள் இருவரும் போட்டுக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை தன் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், அவரைத் தொடர்ந்து பார்த்துவரும் வாதநோய் மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் முன்பணம் கட்ட வேண்டாம். இந்த ஊசியால் உங்கள் வலி சில மாதங்களுக்குக் குறையக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. தேய்ந்த சவ்வு வளர்ந்துவிடும் என்ற வாக்குறுதிக்குத்தான் இன்றுவரை நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வலி குறைவதும் சவ்வு வளர்வதும் ஒன்றுதான் என்று நோயாளிகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைக்கும்படியே பல விளம்பரங்களும் எழுதப்படுகின்றன.

பேச்சில் நாம் சவ்வு என்று சொல்லும் குருத்தெலும்பு, தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் போர்த்தியிருக்கும், சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள வழுவழுப்பான படலம். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். மீதமுள்ளது பெரும்பாலும் கொலாஜன் இழைகளும் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் புரதங்களும்தான். அதைப் பராமரிக்கும் உயிருள்ள செல்கள் மொத்தக் கன அளவில் 1 முதல் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ரத்தக் குழாய்கள் அதற்குள் செல்வதில்லை. தோலில் ஒரு வெட்டு விழுந்தால் ரத்தத்தின் வழியே வந்து சேரும் பழுதுபார்க்கும் படை இங்கே வந்து சேர வழியில்லாததால்தான், ஒருமுறை தேய்ந்த குருத்தெலும்பு தானாகத் திரும்ப வளர்வதில்லை.

அதில் நரம்புகளும் இல்லை. ஆகவே உங்கள் வலி சவ்விலிருந்து வரவில்லை. மூட்டை உள்ளிருந்து மூடியிருக்கும் மெல்லிய உறையின் அழற்சி, குருத்தெலும்புக்குக் கீழேயுள்ள எலும்பின் மீது கூடும் அழுத்தம், மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள், வலுவிழந்த தொடைத் தசை ஆகியவற்றிலிருந்து அது வருகிறது. எக்ஸ்-ரேயில் 4ஆம் நிலைத் தேய்மானம் உள்ள ஒருவர் சிரமமின்றி மாடியேறுவதையும், 2ஆம் நிலையில் உள்ள மற்றொருவர் உட்கார்ந்தால் எழ முடியாமல் தவிப்பதையும் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரே நாளில் பார்க்கலாம். உங்கள் எக்ஸ்-ரே அறிக்கையில் உள்ள அந்த நிலைக் கணக்கு, கெல்கிரென், லாரன்ஸ் ஆகிய இருவர் 1957இல் வகுத்தது. அது எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் ஓரங்களில் முளைத்த எலும்பு நீட்சிகளையும் அளக்கிறதே தவிர, வலியை அளப்பதில்லை.

இனி ஸ்டெம் செல்லுக்கு, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லுக்கு வருகிறேன். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒருவகைச் செல்களைப் பிரித்தெடுத்து வளர்த்தால் அவற்றிலிருந்து எலும்பு உருவாகக்கூடும் என்பதை 1960களிலும் 70களிலும் சோவியத் ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் காட்டினார். 1991இல் அமெரிக்க ஆய்வாளர் ஆர்னல்டு கேப்லன் அவற்றுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் என்று பெயரிட்டார். ஆய்வகத் தட்டில் தகுந்த சூழலைக் கொடுத்தால் அவை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறும் என்பது உண்மைதான். ஆனால் மூட்டுக்குள் ஊசியால் செலுத்தப்பட்ட செல்களில் பெரும்பாலானவை சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் மறைந்துவிடுகின்றன. அவை அங்கே ஒட்டிக்கொண்டு புதுக் குருத்தெலும்பாக அடுக்கடுக்காக வளர்வதில்லை. உயிருடன் இருக்கும் அந்தக் குறுகிய காலத்தில் அழற்சியைத் தணிக்கும் சில பொருள்களைச் சுரக்கின்றன என்பதே இன்றைய புரிதல். பெயரிட்ட கேப்லனே 2017இல், இந்தப் பெயர் நோயாளிகளைத் தவறாக எண்ண வைக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார்.

ஊசிக் குழலுக்குள் என்ன இருக்கிறது என்பதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்டெம் செல் ஊசி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் கொடுக்கப்படுகின்றன. மஜ்ஜை முறையில், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்புற விளிம்பை மரத்துப்போகச் செய்து, தடித்த ஊசி ஒன்றை எலும்புக்குள் திருகி இறக்கி, 60 மில்லிலிட்டர் அளவுக்கு மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். தோல் மரத்திருந்தாலும், உறிஞ்சும் அந்தக் கணத்தில் உள்ளே ஏதோ இழுபடுவது போன்ற வலியைப் பலர் உணர்வார்கள். எடுத்ததைச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மஞ்சள் நிறத் திரவம் மேலே நிற்கும். நடுவே வெளிர் நிறத்தில் தெரியும் மெல்லிய அடுக்கைச் சில மில்லிலிட்டர் அளவில் எடுத்து மூட்டில் போடுவார்கள். அந்த அடுக்கில் உள்ள உட்கருவுடைய செல்களில் உண்மையான ஸ்டெம் செல்கள் பத்தாயிரத்தில் ஒன்றோ லட்சத்தில் ஒன்றோதான்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட கொழுப்பு முறையில் அந்த விகிதம் இதைவிட அதிகம். என்றாலும் அதுவும் ரத்தக் குழாய்ச் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்கள் என்று பலவகைச் செல்கள் கலந்த கலவையே. ஒருவருக்கு எடுத்ததும் மற்றொருவருக்கு எடுத்ததும் ஒன்றாக இருக்காது. மூன்றாவது வகை, கொடையாளரின் மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ பிரித்த செல்களை ஆய்வகத்தில் பல வாரங்கள் வளர்த்து, எண்ணிக்கையை லட்சங்களில் அளந்து கொடுப்பது. மருந்து என்று சொல்லத்தக்க ஒழுங்கு இந்த மூன்றாவது வகையில் மட்டுமே ஓரளவு இருக்கிறது என்பது என் கருத்து.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2017இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அதில் ஏமாறவோ ஏமாற்றவோ இடம் குறைவு. இரண்டு முழங்கால்களிலும் வலியுள்ள 25 பேருக்கு ஒரு முழங்காலில் மஜ்ஜைச் செல்களும் மற்றொன்றில் வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். எந்தக் காலில் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்துக் கேட்டபோது இரண்டு முழங்கால்களிலுமே வலி குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

2023 நவம்பரில் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு அதைவிடப் பெரியது. அதில் 475 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி, மஜ்ஜைச் செறிவு, கொழுப்பிலிருந்து பிரித்த செல்கள், தொப்புள்கொடித் திசுவிலிருந்து வளர்த்த செல்கள் ஆகிய மூன்றையும் வழக்கமான ஸ்டீராய்டு ஊசியுடன் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் செல் ஊசிகளில் எதுவும் ஸ்டீராய்டைவிட மேலானது என்று காட்ட முடியவில்லை. எம்ஆர்ஐ படங்களில் எந்தப் பிரிவினருக்கும் மூட்டின் நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட கொழுப்பு முறை இந்த ஆய்வில் நேரடியாகச் சோதிக்கப்பட்ட ஒன்று என்பதைக் கவனியுங்கள். நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வில் தீவிரமான பக்கவிளைவுகளும் பதிவாகவில்லை. மேலும், பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2025இல் வெளியிட்ட மதிப்பாய்வு, போலி ஊசியுடன் ஒப்பிடும்போது ஸ்டெம் செல் ஊசி வலியையும் இயக்கத்தையும் சற்றே மேம்படுத்தக்கூடும் என்கிறது. ஆனால் அந்தச் சான்றின் உறுதி குறைவு என்றும் அதுவே குறிப்பிடுகிறது.

உப்புநீர் போட்ட காலிலும் வலி ஏன் குறைகிறது என்று நீங்கள் கேட்கலாம். மூட்டுத் தேய்மானத்தின் வலி ஒரே சீராக இருப்பதில்லை, ஏறி இறங்கும் தன்மையுடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சை தேடிப் போகிறோம். எதுவும் செய்யாமலிருந்தாலும் அடுத்த சில வாரங்களில் அது ஓரளவு தணிந்திருக்கும். ஊசி, அதுவும் விலை உயர்ந்த ஊசி, பெரிய இயந்திரங்கள், அக்கறையாகப் பேசும் மருத்துவர் என்று சேரும்போது மூளை வலியைக் குறைத்து உணர்வதும் மெய்யான உடலியல் நிகழ்வே. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாரேனும் இந்த ஊசிக்குப் பிறகு நன்றாக நடக்கிறேன் என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் நன்றாக நடப்பதற்கு ஸ்டெம் செல்தான் காரணமா என்பதை அவரால் சொல்ல முடியாது, அவ்வளவே.

சிகிச்சை மையங்கள் காட்டும் முன், பின் எக்ஸ்-ரே படங்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நின்றபடி, உடல் எடை முழங்காலில் இறங்கிய நிலையில் எடுத்த படத்தில்தான் உண்மையான இடைவெளி தெரியும். அதே முழங்காலைப் படுத்த நிலையில் எடுத்தாலோ, மடக்கிய கோணத்தைச் சில பாகைகள் மாற்றினாலோ, எலும்புகளுக்கு இடையே இடம் கூடியதுபோல் தோன்றும். அதைச் சவ்வு வளர்ந்ததற்குச் சான்றாகக் காட்டிவிடலாம்.

சட்டப்படியான அனுமதி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மூட்டுத் தேய்மானம் உள்ளிட்ட எலும்பு மூட்டுக் கோளாறுகள் எதற்கும் எந்த ஸ்டெம் செல் தயாரிப்புக்கும் ஒப்புதல் தரவில்லை. தென்கொரியா 2012இல் தொப்புள்கொடி ரத்தச் செல்களாலான தயாரிப்பு ஒன்றுக்கு அனுமதி தந்தது. அது ஊசியாகப் போடப்படுவதில்லை, அறுவை சிகிச்சையின்போது குருத்தெலும்பில் விழுந்த பள்ளத்தில் வைக்கப்படுகிறது. இந்தியா 2022இல், கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களாலான ஊசி ஒன்றை முழங்கால் தேய்மானத்துக்கு அனுமதித்தது. இப்படி ஒரு குறிப்பிட்ட தயாரிப்புக்குக் கிடைத்த அனுமதியைச் சுட்டிக்காட்டி, முற்றிலும் வேறான வயிற்றுக் கொழுப்புக் கலவையை விற்பதுதான் நான் அடிக்கடி காணும் தந்திரம். அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி தன் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி வேண்டாம் என்று உறுதியாகப் பரிந்துரைத்தது. செய்யப்படும் முறைகளில் ஒழுங்கில்லை என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று.

எனவே அந்த மையத்துக்கு மீண்டும் செல்ல நேர்ந்தால், எனக்குப் போடப்போவது எந்த வகை, அது எங்கே பதப்படுத்தப்படுகிறது, இதே பொருளுக்கு இந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி எண் என்ன, முதல் ஊசியில் பலன் இல்லையென்றால் இரண்டாவதும் மூன்றாவதும் எதற்காக என்று கேட்டு, விடைகளை எழுத்தில் வாங்குங்கள். இது ஆராய்ச்சி என்று சொன்னால், ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். சோதிக்கப்படும் பொருளுக்கு நோயாளியிடம் முழுக் கட்டணம் வாங்குவது நல்ல ஆராய்ச்சியின் அடையாளம் இல்லை. மாத இறுதிச் சலுகை என்பது மருத்துவத்தில் இருக்கக் கூடாத ஒன்று. ஆறு ஆண்டுகளாக இருக்கும் தேய்மானம் மாதக் கடைசியில் திடீரென்று முற்றிவிடப் போவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் நிலைக்கு நான் முதலில் எழுதித் தருவது தொடைத் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, கைகளை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்கார வேண்டும். முடியாவிட்டால் நாற்காலி மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். படுத்திருக்கும்போது முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி ஐந்து நொடி அழுத்தி விடலாம். பயிற்சியின்போது லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் வீக்கமோ கூடுதல் வலியோ இருந்தால் மட்டும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். பெரும்பாலானோர் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் தொடக்கத்தில் ஒரு பிசியோதெரபி நிபுணரின் மேற்பார்வை வேண்டும் என்கிறேன்.

எடையைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்து உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களுக்கு வலி பெருமளவு குறைந்ததை 2013இல் வந்த மற்றோர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பு மருந்தான செமாகுளுடைடு ஊசி முழங்கால் வலியைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததாக 2024இல் முடிவுகள் வந்தன. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் பொது மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தினமும் வலி மாத்திரை என்பது எனக்குக் கவலையளிக்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற, அழற்சியைத் தணிக்கும் வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சில ரத்த அழுத்த மருந்துகளுடன் சேரும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும், வயிற்றில் புண்ணை உண்டாக்கும். சிறுநீரகப் பரிசோதனையை உடனே செய்துகொள்ளுங்கள். முழங்கால் தோலுக்கு அருகிலேயே இருக்கும் மூட்டு என்பதால் டைக்ளோஃபெனாக் களிம்பு பலருக்கு நல்ல பலன் தருகிறது. ரத்தத்தில் கலக்கும் அளவும் குறைவு. வலி தாங்க முடியாத காலத்தில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று சில வாரங்களுக்கு நிவாரணம் தரலாம். ஆனால் அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டுகள் போட்டவர்களுக்கு, உப்புநீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியதால், அதை வழக்கமாக்கிக்கொள்ள நான் சம்மதிப்பதில்லை. ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியையும் யாராவது பரிந்துரைப்பார்கள். 2021இல் 288 பேரிடம் செய்த ஆய்வில், ஓராண்டு முடிவில் அது உப்புநீரைவிட மேலாக இருக்கவில்லை.

இவை அனைத்தையும் முறையாகச் செய்தும் இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலி தொடர்ந்தால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். உங்கள் பயம் இயல்பானதே. முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிப்பதாக 2019இல் லேன்செட் இதழில் வந்த மதிப்பாய்வு கணித்தது. ஸ்டெம் செல் ஊசிக்கு இப்படி ஒரு நீண்ட காலக் கணக்கை யாரும் காட்ட முடியாது. 3ஆம் நிலையில் இருக்கும் உங்களுக்கு இன்றே அறுவை சிகிச்சை தேவை என்று நான் சொல்லவில்லை. பலர் பல ஆண்டுகள் அது இல்லாமலே சமாளிக்கிறார்கள்.

தங்கையின் நோய் வேறு. உங்களுடையது மூட்டின் தேய்மானம். அவருடையது, உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டு உறையையே தாக்கும் நோய். கட்டுப்படுத்தாவிட்டால் அது எலும்பை அரிக்கும், நுரையீரலையும் இதயத்தையும்கூடப் பாதிக்கும். அரிக்கப்பட்ட எலும்பு திரும்ப வராது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் வந்த பிறகுதான் கை விரல்கள் கோணிப்போகும் காட்சி குறைந்தது. அவர் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார் என்றால், அது வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டியது என்பதையும், தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் ஒருமுறை நினைவூட்டுங்கள். முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் நடப்பில் உள்ள மருந்துகளை நிறுத்தச் சொல்லும் தகுதி அவற்றுக்கு இன்னும் வரவில்லை. ஒரு கொழுப்பு ஊசி இரண்டு நோய்களையும் தீர்க்கும் என்று சொன்னவர் இரண்டில் எதையும் சரியாகப் படித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊசி போட்டுக்கொள்வது என்று நீங்கள் முடிவெடுத்தால், அது உங்கள் உரிமை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தோலில் புண், சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். பிறரின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து செய்ததாகச் சொல்லும் பொருளை ஏற்காதீர்கள். 2018இல் அமெரிக்காவில் அத்தகைய தயாரிப்பால் 12 பேருக்கு மூட்டிலும் ரத்தத்திலும் பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. ஊசி போட்ட மூட்டில் அறுவை சிகிச்சை செய்வதானால் குறைந்தது மூன்று மாத இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் தொற்று அபாயம் கூடும். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் வலி கூடுவது வழக்கம். ஆனால் காய்ச்சல், நடுக்கம், மூட்டு சிவந்து சூடாகி வீங்குதல், காலை அசைக்கவே முடியாத வலி ஆகியவற்றில் ஏதேனும் வந்தால், ஊசி போட்டவரின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திராமல், அன்றைக்கே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, எந்தத் தேதியில் எந்த மூட்டில் என்ன செலுத்தினார்கள் என்ற விவரத்தைக் கொடுங்கள்.